பாதத்தைப் பார்த்த சாட்சி

எங்கள் ஆட்டக்காரர் தேர்தலில் ஜெயித்துவிட்டார். அதைக் கடைசி வரை ஒளித்து வைக்க எனக்குத் தெரியாது. மரக்காணம் கடைத்தெருவில் அவருக்காக வெடித்த பட்டாசுக் குப்பையை மிதித்துக்கொண்டுதான் மறுநாள் நான் வேலைக்குப் போனேன். நான் சொல்ல வந்தது அவர் ஜெயித்த கதையல்ல. ஓட்டுப் போடுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் நான் கூண்டில் ஏறி, நான் கொடுத்த வழக்கை நானே கெடுத்துக்கொண்டேன் என்று ஊரே பேசியதே, அந்தக் கதை.

ஆட்டக்காரர் என்றால் கபடி. இந்த உப்பளக் கரையிலிருந்து போய் டிவியில் ஆடியவர் அவர் ஒருவர்தான். அவர் பாடிப் போனால் எதிரணியில் மூன்று பேராவது வெளியே வந்து உட்கார வேண்டியிருக்கும். நானும் கைதட்டியிருக்கிறேன், விசிலும் அடித்திருக்கிறேன். ஒருமுறை மைதானத்திலேயே நடுவரை அறைந்து, ஒரு வருடம் ஆடக் கூடாது என்று தடை வாங்கினார். அதற்கும் எங்கள் ஊரில் விசில்தான். அப்புறம் ஓட்டல் ஒன்றில் அடிதடி என்று ஒரு வழக்கு. 'கோபக்காரன் மனசுல கள்ளம் இருக்காது' என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள்.

அவர் கட்சியில் சேர்ந்து சீட்டு வாங்கியபோது மேடையில் பேசிய முதல் வார்த்தையே, "இது உப்புப் பாத்தி மிதிச்ச காலுங்க" என்பதுதான். அது பொய்யில்லை. சீசன் தொடங்குவதற்கு முன் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். விடலை வயதில் அவரும் மிதித்தார். சுவரொட்டிகளில் அவர் முகத்தைவிடக் கால்களைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு இரண்டு பாதங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் ஜோடியிலிருந்து தொடங்க வேண்டும்.

வாரி எடுத்த ஈர உப்பு ஒரு கூடை என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவளுக்குத்தான் தெரியும். தரையில் இருக்கும் கூடையைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள எந்தப் பெண்ணாலும் ஆகாது. அதனால் எங்கள் வேலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி உண்டு. இருவரும் குனிந்து ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடிப்போம். ஒருத்தி "ம்" என்பாள். அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஒருத்தி சுமந்து போய்க் கொட்டிவிட்டு வருவதற்குள் மற்றவள் அடுத்த கூடையை நிரப்பி வைத்திருப்பாள். அடுத்த நடை அவள் தலையில்.

என் ஜோடி என்னைவிட ஐந்து வயது பெரியவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் "ம்" சொல்கிறவள் எப்போதும் அவள்தான். பதினாறு வருடம் அப்படி ஓடியது. நடுவில் ஏதோ குழாயடித் தகராறில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு வாரமும் "ம்" மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உப்பளத்தில் நாங்கள் யாரையும் முகம் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. வெயில் ஏறிய பிறகு நிமிர்ந்தால் வெளிச்சம் கண்ணைக் குத்தும், எதிரே வருகிறவரின் முகம் கறுப்பாகத்தான் தெரியும். தலையில் கூடை இருந்தால் நிமிரவும் முடியாது. வரப்பில் வரும் பாதத்தைப் பார்த்துத்தான் "மேஸ்திரி வர்றாரு, வாயை மூடு" என்போம். என் வீட்டுக்காரரையே கல்யாணமான புதிதில் காலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முகம் அப்புறம்தான் மனப்பாடம் ஆனது.

ஆட்டக்காரருக்கு ஒரு போட்டியில் வலது குதிகால் நரம்பு அறுந்து ஆபரேஷன் ஆனது. அந்த ஒரு சீசன் முழுக்க ஊரில்தான் இருந்தார். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தாராம், எங்கள் வரப்பில்தான் நடப்பார். அப்போது பார்த்துப் பார்த்து மனதில் பதிந்த நடை அது. வலது காலை வைக்கும்போது விரல்கள் முதலில் படும். குதிகால் ஒரு நொடி தயங்கும். பிறகு வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும். நாங்கள் கூடையோடு ஒதுங்கி வழி விட்டால், "நல்லா இருக்கீங்களாக்கா" என்று கேட்டுவிட்டுப் போவார். மரியாதை தெரிந்தவர்தான், அதை மறைத்தால் எனக்கு ஆகாது. அந்த நடையோடே திரும்பப் போய் ஆடி அவர் கோப்பை வாங்கியதும், இந்தக் கரையில் பாதிப் பையன்கள் அப்படி நடக்க ஆரம்பித்தார்கள். அனுமந்தையில் வலை சுமந்து போகிறவன்கூடக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு போனான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம், பொழுது வெளுக்கிற நேரம். நானும் அக்காவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து சரிவில் இறங்கினால் எங்கள் வரப்பு. வெறும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். பனிக்கும் ஆகும், கையை வீசியும் நடக்கலாம். ஆனால் கவிழ்த்த கூடைக்குள்ளிருந்து பார்த்தால் முழங்காலுக்கு மேலே எதுவும் தெரியாது. நான் சரிவில் இறங்கிவிட்டேன். அக்காவுக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. சாலை ஓரத்தில் நின்று அதை எடுக்கக் குனிந்தாள்.

சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். ஒரு கார் நின்றிருந்தது. அதன் விளக்கு வெளிச்சத்தில், சற்று முன்னால், அக்கா குப்புறக் கிடந்தாள். நான் சரிவில் நின்றதால் சாலை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு திறந்து இரண்டு பாதங்கள் இறங்கின. ஆறு அடி நடந்து அக்காவிடம் வந்தன. நின்றன. அதே ஆறு அடி திரும்பி நடந்தன. கதவு மூடியது, கார் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விட்டது. வலது குதிகால் ஒவ்வொரு அடியிலும் தயங்கித் தயங்கித்தான் இறங்கியது.

கூடையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்திருந்தால் முகம் தெரிந்திருக்கும். எனக்குக் கை வரவில்லை. கார் போன பிறகுதான் கூடையை எறிந்துவிட்டு ஓடினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். புகார் எழுதியவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"காலைப் பாத்தேன்னு எழுதினா கோர்ட்டுல சிரிப்பாங்கம்மா. முகத்தைப் பாத்தேன்னு இருந்தாத்தான் கேஸ் நிக்கும்."

"நான் முகத்தைப் பாக்கலையே சார்."

"அவருதான்னு உனக்கு நிச்சயமா தெரியுதுல்ல? அப்புறம் என்ன?"

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அவர் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தேன். 'காரிலிருந்து இறங்கியவரின் முகத்தை நன்றாகப் பார்த்தேன்' என்று இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உண்மையைக் காப்பாற்ற ஒரு பொய் சேர்த்தால் என்ன என்று அப்போது தோன்றியது. படிக்காதவள் செய்திருந்தாலாவது ஒரு சாக்கு இருந்திருக்கும்.

மறுநாளே ஒரு டிரைவர், நான்தான் ஓட்டினேன் என்று போய் நின்றான். ஆட்டக்காரர் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாராம். என் புகார் இருந்ததால் அவர் பெயரையும் எடுக்க முடியவில்லை, வழக்கு இரண்டு பேர் மேலும் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவாக இழுத்து இழுத்து இரண்டு வருடம் போனது.

அக்காவுக்குத் தோள்பட்டை நொறுங்கியிருந்தது. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. விரல்களில் பிடிப்பு இல்லை, ஒரு டம்ளரைக்கூட இடது கையால்தான் எடுக்கிறாள். இப்போது உப்புப் பாக்கெட் போடும் கொட்டகையில் உட்கார்ந்து வேலை. எனக்கு வேறு ஜோடி போட்டார்கள். நல்ல பெண்தான், ஆனால் "ம்" சொல்லாமல் திடீரென்று தூக்கிவிடுவாள்.

எனக்கு இதில் மிகவும் வலித்தது எது என்றால், அக்கா என்னை நம்பவில்லை. அவள் குப்புறக் கிடந்தவள், எதையும் பார்க்கவில்லை. அவள் வீட்டில் ஆட்டக்காரரின் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"டிரைவரே ஒத்துக்கினான். நீ ஏண்டி அவரைப் போட்டு இழுக்கிற?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே கேட்டாள்.

"நான் பாத்தேங்க்கா."

"கூடையைக் கவுத்துக்கினு வந்தவ இன்னாத்தப் பாத்த?"

அவள் கேட்டதில் தப்பில்லை.

சீட்டு உறுதியானதும் ராஜிப் பேச்சு வந்தது. வேட்புமனுவில் எல்லா வழக்கையும் எழுத வேண்டியிருந்தது, எதிர்க்கட்சிக்காரர்கள் அதை மேடைக்கு மேடை படித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுக்கு முன்னால் இது ஒன்றாவது ஒழிந்தால் நல்லது என்று நினைத்திருப்பார்கள். அக்காவிடம் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். 'யார் மேலும் எனக்குப் புகார் இல்லை, சமாதானமாகப் போகிறேன்.' அவள் மகளுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் சாட்சி முடிந்ததும் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிடலாம் என்று அவளும் முடிவு செய்துவிட்டாள்.

என் வீட்டுக்கு வந்தவர் கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். தூரத்து உறவு வேறு. டீ குடித்துவிட்டு, "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. அவரு ஜெயிச்சா நம்ம உப்பளத்துக்கு எவ்ளோ செய்வாரு, யோசிச்சுப் பாருங்க" என்றார். உப்பு இட்டவரை நினைக்கச் சொல்கிறார்கள், உப்பு வாரினவளை நினைக்கத்தான் ஒரு பழமொழியும் இல்லை. அதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். அடக்க வேண்டியதை அடக்கவில்லை.

"இன்னாத்தை வெச்சு அவருதான்னு சொல்றீங்க? இருட்டுல முகம் எப்டிங்க தெரியும்?" என்று அவர் கேட்டார்.

"முகம் எதுக்குங்க? நடை தெரியாதா எனக்கு?" என்று ஆரம்பித்தேன். எழுந்து நின்று நடந்தே காட்டினேன். விரல் முதலில், குதிகால் பின்னால், வெளிப்பக்கச் சாய்வு என்று ஒன்று விடாமல். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகப் பார்த்தார். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். "புகார்ல முகம்னு எழுதிட்டு இவர்கிட்ட கால்னு சொல்லியிருக்க. இப்ப வக்கீலுக்கு வேலை சுலபம்." அவருக்கு என்மேல் கோபமில்லை, பயம். "வேணாம்னா விட்டுடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றும் சொன்னார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. புகாரில் இருக்கிறபடி முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் வழக்கு நிற்கலாம். ஆனால் நான் பொய் சொல்கிறேன் என்பது இப்போது அவர்களுக்கும் தெரியும். பார்க்கவில்லை என்று சொன்னால் வழக்கு அங்கேயே விழும். எப்படிப் போனாலும் அடி எனக்குத்தான். சரி, அடி விழுவது உறுதி என்றால் உண்மையைச் சொல்லி வாங்கிக்கொள்வோம் என்று மூன்றாம் நாள் முடிவு செய்தேன். அதற்குப் பிறகு பசித்தது.

கோர்ட்டுக்கு அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவள் டிபன் பையில் ராஜிக் காகிதம் மடித்து வைத்திருந்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். வழியெல்லாம் புளிச் சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

ஆட்டக்காரரைக் கூப்பிட்டதும் பின்வாசல் வழியாக வந்தார். நான் பழக்கத்தில் தலை குனிந்துதான் நின்றிருந்தேன். வெள்ளை வேட்டிக்குக் கீழே இரண்டு பாதங்கள் என்னைக் கடந்து போயின. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தப் பதிந்தன. தயக்கமும் இல்லை, சாய்வும் இல்லை. ஒரு நொடி, இரண்டு வருடமாக ஒரு மனிதன் மேல் அநியாயமாகப் பழி போட்டுவிட்டோமா என்று நினைத்தேன். அப்புறம்தான் முந்தின நாள் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்தவர் அதே பழைய நடையில்தான் வந்தார். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அதற்குள் எப்படி ஒரு கால் குணமாகும்?

அவருடைய வக்கீல் நல்ல குரல் உள்ளவர். முதலில் என் கண்ணைப் பிடித்தார்.

"உப்பளத்துல எத்தனை வருஷம் வேலை பாக்கறீங்க?"

"இருவது வருஷம் ஆவுதுங்க."

"அந்த வெளிச்சக் கூச்சத்துல கண் பார்வை கெடும்னு சொல்றாங்களே?"

"கிட்டத்துல படிக்கக் கண்ணாடி போடறேங்க. தூரம் நல்லாத் தெரியுது."

அடுத்து புகாரைக் கையில் எடுத்தார். அந்த வரியை நிறுத்தி நிறுத்திப் படித்தார். "முகத்தை நன்றாகப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பாத்தீங்களா?"

அரசு வக்கீல் என்னையே பார்த்தார். பின்பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"இல்லைங்க," என்றேன். "அந்த வரி பொய். தலையில கூடையைக் கவுத்திருந்தேன், முகம் தெரியல. படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு."

அறையில் சலசலப்பு எழுந்தது. அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அப்போதே உட்கார்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவருக்கு ஆசை விடவில்லை.

"அப்ப எதை வெச்சு என் கட்சிக்காரர்னு சொல்றீங்க?"

"நடையை வெச்சுங்க." குதிகாலைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அம்மா, இந்தப் பக்கம் பாதிப் பசங்க அப்படித்தான் நடக்கறாங்க. இவர் ஒரு காலத்துல நடந்த மாதிரி நடக்கறது அவங்களுக்கு ஒரு ஸ்டைல். அன்னைக்கு நீங்க பாத்தது அதுல யாரோ ஒருத்தனா இருக்கக் கூடாதா?"

"பசங்க நாலு பேரு பாக்கறப்ப அப்படி நடப்பாங்கங்க. அன்னைக்கு ரோட்டுல யாருமே இல்ல. நான் சரிவுல நின்னது அவருக்குத் தெரியாது. யாரும் பாக்காதப்பவும் ஒருத்தர் அப்படி நடந்தார்னா, அது ஸ்டைல் இல்லைங்க, அவரோட காலு."

வக்கீல் உட்காரப் போனார். என் வாய்தான் நிற்காதே. மாஜிஸ்திரேட் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டேன்.

"அம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. நேத்து சாயங்காலம் எங்க தெருவுல ஓட்டுக் கேட்டு வந்தப்ப இவரு பழைய நடையிலதான் வந்தாரு, ஊரே பாத்துது. இன்னைக்கு இந்த ரூமுக்குள்ள மட்டும் வேற மாதிரி நடந்து வர்றாரு. அது ஏன்னு அவரைக் கேக்க முடியுங்களா?"

நான் ஆட்டக்காரரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் அம்மா அவரைக் கேட்கவில்லை, கேட்கிற நேரம் அது இல்லை போலிருக்கிறது. "சாட்சி சொன்னதை அப்படியே பதிவு பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். தட்டச்சு செய்கிற பெண் தட்டத் தொடங்கினாள்.

வெளியே வந்ததும் அரசு வக்கீல், "முகத்தை விட்டுட்டீங்களேம்மா, என்ன ஆகும்னு இனிமே சொல்ல முடியாது" என்றார். அவருக்கு வருத்தம்தான். எனக்கு என்னவோ முதுகிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அதை மறைக்கத் தோன்றவில்லை. அக்கா படிக்கட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். புளிச் சோற்றைப் பிரித்தோம்.

அப்போது ஆட்டக்காரர் வெளியே வந்தார். வாசலில் அவருக்காகக் கொடிகளோடு கூட்டம் காத்திருந்தது. யாரோ வெடிச் சரத்தைக் கொளுத்தினார்கள், பையன்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டே படியிறங்கினார். எட்டுப் படிகள். கூட்டத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் மறந்துவிட்டார். வலது விரல்கள் முதலில் பட்டன. குதிகால் தயங்கித் தயங்கி, வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்கியது.

நான் அக்காவிடம் எதையும் காட்டவில்லை. அவள் தானாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படி வரைக்கும் பார்த்தாள். வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்க அவளுக்கு நேரம் ஆனது.

"உள்ள வர்றப்ப நல்லாத்தானேடி நடந்தாரு," என்றாள்.

"ஆமாங்க்கா."

"எங்கிட்ட வந்து நின்னு பாத்துட்டா போனாரு?"

"ஆமாங்க்கா."

அவள் அழவில்லை. இடது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு டிபன் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். மடிப்பைப் பிரித்து, கிழிப்பதற்காக ஒரு ஓரத்தை வலது கைவிரல்களுக்குள் செருகிப் பார்த்தாள். விரல்கள் பிடிக்கவில்லை, காகிதம் நழுவி மடியில் விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. பிறகு இடது கையால் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ஓரத்தை என் பக்கம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த வாய்தாவுக்கு நானும் ஏறிச் சொல்றேன்," என்றாள். "இன்னா தெரியுமோ அதைச் சொல்றேன்."

கூட்டம் வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்து, "ம்" என்றாள்.